பாபு ஆளான செலவு யார் கணக்கில்?

எதிர்வீட்டுப் பையன் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படிக்கிறான். போன வாரம் எங்கள் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு கேட்டான்: “அத்தை, ஒரு பையன் வளர்ந்து ஆளாகிற கதை தமிழ்ல வேணும்னா மோகமுள்ளைப் படின்னு சொல்றாங்க. தலையணை மாதிரி இருக்கு. அதுல எனக்கு என்ன பாடம் இருக்குன்னு சொல்லுங்க, இருந்தா படிக்கிறேன்.”

எழுதித் தருகிறேன் என்று அனுப்பிவிட்டேன். வாயால் சொன்னால் பாதியில் பால்காரர் வந்துவிடுவார், அப்புறம் எங்கே விட்டோம் என்று இரண்டு பேருக்கும் மறந்துபோகும்.

சரி தம்பி, இதோ.

நான் கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் நடுவே ஒரு கிளை நூலகத்தில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்திருந்தவள் என்பது உனக்குத் தெரியும். மோகமுள்ளை மூன்று தடவை முழுசாகப் படித்திருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவை, இரண்டு பிள்ளை பெற்ற பிறகு ஒரு தடவை, ரிட்டயர் ஆன வருடம் ஒரு தடவை. எங்கள் நூலகத்துப் பிரதியைத் தலைப்பில் இருக்கும் ‘மோகம்’ என்ற வார்த்தைக்காகவே எடுத்துப்போன பையன்கள் நிறையப் பேர். இரண்டாம் நாளே “ஒண்ணுமே இல்லையே மேடம்” என்று திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு.

புத்தகத்தை மூடி வைத்து அதன் ஓரத்தைப் பார்த்தால் எந்தப் பக்கங்கள் அதிகம் புரண்டன என்று அழுக்கே காட்டிக்கொடுக்கும். எங்கள் பிரதியில் கதாநாயகன் பாபுவின் பக்கத்து வீட்டுப் பெண் தங்கம்மாள் வருகிற இடம் கறுத்துக் கிடந்தது. அவனுடைய சங்கீத குரு ரங்கண்ணாவும் தம்புராவும் வருகிற பக்கங்கள் அச்சாபீசிலிருந்து வந்த மாதிரி வெள்ளையாக இருந்தன. உனக்கு நான் சொல்லப்போவது அந்த வெள்ளைப் பக்கங்களைப் பற்றியும், கறுத்த பக்கங்களை நாங்கள் எல்லோரும் எவ்வளவு தப்பாகப் படித்தோம் என்பதைப் பற்றியும்தான்.

எழுதியவர் தி. ஜானகிராமன். மன்னார்குடிப் பக்கத்துத் தேவங்குடியில் 1921-ல் பிறந்தவர். அந்த வருடம் எனக்கு மனப்பாடம். சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் வகுத்துக் கொடுத்த முறைப்படி இலக்கியப் புத்தகத்துக்கு எண் போடும்போது ஆசிரியரின் பிறந்த வருடம் அதற்குள் வந்துவிடும். புத்தகத்தின் முதுகில் ஒட்டும் சீட்டிலேயே அது இருக்கும். ஜானகிராமன் கும்பகோணத்தில் கல்லூரிப் படிப்பு முடித்து, பள்ளி ஆசிரியராக இருந்து, பிறகு வானொலிக்குப் போனார். மோகமுள் ஐம்பதுகளில் சுதேசமித்திரன் வார இதழில் தொடராக வந்து, 1964-ல் புத்தகமாயிற்று. எழுதும்போது அவருக்கு வயது முப்பத்தைந்தை ஒட்டி இருக்கும். இருபது வயதுக் கொதிப்பு மறக்கவும் இல்லை, அதற்குள்ளேயே நிற்கவும் இல்லை. அந்த நாவலை எழுதுவதற்கு அதைவிடப் பொருத்தமான வயது கிடையாது என்பது என் எண்ணம்.

கதையைச் சொல்லாமல் பாடத்தை மட்டும் சொல்ல முடியாது. முடிவு தெரிந்துவிடுமே என்று கவலைப்படாதே, இது முடிவுக்காகப் படிக்கிற புத்தகம் இல்லை. பாபு பாபநாசத்துப் பையன். அப்பா வைத்திக்குச் சங்கீதத்தில் அப்படி ஒரு ஈடுபாடு. பையன் கும்பகோணத்தில் அறை எடுத்துக் கல்லூரியில் படிக்கிறான். குடும்பத்துக்கு நெடுநாள் பழக்கமான வீட்டுப் பெண் யமுனா. அவனைவிடச் சுமார் பத்து வயது மூத்தவள். தகப்பனார் பிராமணர், தாயார் பார்வதி அவருடைய இரண்டாம் மனைவி, மராட்டியப் பெண். அந்தக் கலப்பே யமுனாவுக்கு வருகிற வரனையெல்லாம் தட்டிவிடுகிறது. பாபு அவளை முதலில் அம்பாள் மாதிரி கும்பிடுகிறான், அப்புறம் மனுஷியாக வேண்டுகிறான். அவள் மறுக்கிறாள். நடுவில் பக்கத்து வீட்டுத் தங்கம்மாள், ஒரு கிழவருக்கு வாழ்க்கைப்பட்ட சின்னப் பெண். இன்னொரு பக்கம் சங்கீத குரு ரங்கண்ணா. பல வருடம் கழித்து, வறுமையில் நொடிந்த யமுனா சென்னையில் பாபுவின் வாழ்க்கைக்குள் வருகிறாள், சம்மதிக்கிறாள். அதற்குப் பிறகு பாபு குரலைப் பழக்க வடக்கே கிளம்புகிறான்.

இதைப் படித்துவிட்டுப் பொதுவாகச் சொல்கிற பாடம் ஒன்று உண்டு: ஆசை முள் மாதிரி, எடுத்தாலும் வலி, விட்டாலும் வலி. தலைப்பே அதைச் சொல்லிவிடுகிறது. அதற்காக இவ்வளவு பக்கம் படிக்க வேண்டாம்.

பாபு எங்கே வளர்கிறான் என்று கேட்டால் நான் ரங்கண்ணா வீட்டைக் காட்டுவேன். அங்கே போகும்போது அவன் பாடத் தெரிந்த பையன். ஊரில் நாலு பேர் தலையாட்டிய குரல். அங்கே அவனுக்கு முதலில் தெரியவருவது, தான் இன்னும் கேட்கவே ஆரம்பிக்கவில்லை என்பது. இது எவ்வளவு பெரிய அடி என்று புரிய, நீ தம்புராவைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். நாலு தந்தி. ஒன்று பஞ்சமம், அதாவது ‘ப’; நடுவில் இரண்டும் ஷட்ஜம், அதாவது ‘ஸ’; கடைசி மந்தர ஷட்ஜம், கீழ் ‘ஸ’. தந்தி உட்கார்ந்திருக்கிற குதிரையில், ஒவ்வொரு தந்திக்கும் அடியில் ஒரு பருத்தி நூல் செருகியிருக்கும். அதை ஜீவா என்பார்கள். அந்த நூலை மயிரிழை அளவு முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே போனால் ஓர் இடத்தில் தந்தி சட்டென்று வாய் திறந்து ரீங்கரிக்கும். அந்த இடத்தைத் தாண்டினால் மறுபடியும் வெறும் மொட்டைச் சத்தம். கண்ணால் பார்த்து அதைப் பிடிக்க முடியாது. அழுத்திப் பிடித்து வரவழைக்கவும் முடியாது. காது பழகுகிற வரைக்கும் உட்கார்ந்து நகர்த்திக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

உன் தங்கை பாட்டு கிளாஸுக்குப் போகும்போது செல்போனில் ஒரு ஆப் திறந்து வைத்துக்கொள்கிறாள் அல்லவா, அதில் சுருதி எப்போதும் சேர்ந்தே இருக்கும். வசதிதான். சேர்க்கிற வேலை மட்டும் நம் கையை விட்டுப் போய்விட்டது.

ஜானகிராமனுக்கு இதெல்லாம் கேள்விப்பட்ட விஷயம் இல்லை. உமையாள்புரம் சுவாமிநாத ஐயரிடம் சங்கீதம் கற்றவர் அவர். அதனால்தான் அந்தப் பக்கங்களில் சங்கீதத்தைப் பற்றிய வர்ணனை குறைவாகவும், சங்கீதம் பழகுகிறவனுடைய காத்திருப்பு அதிகமாகவும் இருக்கிறது. இருபது வயதுப் பையனுக்குத் தன் மனசில் நடப்பதுதான் உலகத்திலேயே பெரிய சத்தம். நண்பன் ராஜத்திடம் பேசிப் பேசி மாய்கிறான் பாபு. ராஜமும் காது கொடுத்துக் கேட்கிறான். ரங்கண்ணா வீட்டிலோ அவன் எவ்வளவு தவிக்கிறான் என்பதற்கு மதிப்பெண் கிடையாது. சுருதி சேர்ந்ததா, இல்லையா? அவனைச் சுற்றிச் சுழலாத ஒன்றின் முன்னால் தினமும் விடியற்காலையில் போய் உட்காருகிறான். அப்படி ஒன்று அமைந்தது அவனுடைய அதிர்ஷ்டம். மேடை ஏறும் வழி திறந்தபோதும் குரல் இன்னும் பழுக்கவில்லை என்று தள்ளிப்போடுகிறானே, நான் முதல் தடவை படித்தபோது அதைக் கோழைத்தனம் என்று நினைத்தேன். மூன்றாம் தடவை படித்தபோது, நாவல் முழுக்க அவன் செய்த ஒரே பெரியமனுஷக் காரியம் அதுதான் என்று தோன்றியது. கடைசிப் பக்கங்களில் அத்தனையும் கிடைத்த பிறகு மறுபடியும் மாணவனாகக் கிளம்புகிறான் பார், அதற்கு விதை இங்கே விழுந்தது. (1995-ல் ஞான ராஜசேகரன் இதைப் படமாக எடுத்தபோது நெடுமுடி வேணு ரங்கண்ணாவாக நடித்தார். நல்ல நடிப்பு. இருந்தாலும் ஒரு காத்திருப்பை இரண்டரை மணி நேரத்தில் எப்படிக் காட்டுவது?)

இப்போது கறுத்த பக்கங்கள். இங்கேதான் நான் கொஞ்சம் கடுமையாகப் பேசுவேன்.

ஓர் இரவு பாபுவுக்கும் தங்கம்மாளுக்கும் உறவு நேர்ந்துவிடுகிறது. மறுநாளிலிருந்து அவனுக்குக் குற்ற உணர்வு பொறுக்க முடியவில்லை. இங்கே நின்று நிதானமாகப் படி. அந்தக் குற்ற உணர்வு யாரைப் பார்த்து? யமுனாவைப் பார்த்து. அவளுக்கு விஷயமே தெரியாது, அவள் இவனிடம் எந்த வாக்கும் வாங்கியிருக்கவில்லை. ஆனாலும் அவளுக்குத் துரோகம் செய்துவிட்டோமே என்று உருகுகிறான். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற தங்கம்மாள் என்ன ஆவாள் என்ற யோசனை அந்த உருக்கத்தில் மிகக் குறைவு. அவள் திரும்ப நெருங்கி வரும்போது ஒதுக்குகிறான். அவள் உயிரை மாய்த்துக்கொள்கிறாள்.

கல்யாணத்துக்கு முன் படித்தபோது நானும் பாபுவுக்காகவே பதறினேன். பாவம் பையன், சிக்கிக்கொண்டானே என்று. கதை அவன் தோளுக்குப் பின்னால் நின்று சொல்லப்படுகிறது, நாமும் அங்கேயே நின்றுவிடுகிறோம். இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தாயான பிறகு படித்தபோது தங்கம்மாளைப் பெற்றவர்கள் மேல் கோபம் வந்தது. 1929-லேயே சாரதா சட்டம் வந்துவிட்டது. கல்யாணத்துக்குப் பெண்ணுக்குப் பதினான்கு, ஆணுக்குப் பதினெட்டு என்று குறைந்தபட்ச வயது வைத்தது. மாப்பிள்ளைக்கு அதிகபட்ச வயது என்று அந்தச் சட்டம் எதுவும் வைக்கவில்லை. வரதட்சணை கொடுக்க முடியாத வீட்டுப் பெண்ணைக் கிழவருக்குத் தாரை வார்ப்பது நம் ஊர்களில் ஊரறிந்த ஏற்பாடு. என் பாட்டி சொன்ன கதைகளிலேயே அப்படி இரண்டு பெண்கள் உண்டு. ஒருத்தி இருபத்துமூன்று வயதில் தாலி அறுத்தவள், எண்பது வரை இருந்தாள்.

ஒரு பையன் வாலிபத்தைத் தாண்டி ஆளாவதற்கு ஒரு செலவு ஆகிறது. இந்த நாவலில் அந்தச் செலவில் பெரும்பங்கைப் பாபு கட்டவில்லை. தங்கம்மாள் கட்டினாள். அவளுக்குக் கிடைத்த பக்கங்களோ கொஞ்சம்தான். ஜானகிராமன் இன்னும் கொஞ்சம் அவள் பக்கமாகத் திரும்பியிருக்கலாம் என்ற மனக்குறை எனக்கு இன்றைக்கும் உண்டு. ஒருவேளை தெரிந்தே விட்டிருக்கலாம், பாபுவின் கண்ணுக்குப் படாதது நம் கண்ணுக்காவது படட்டும் என்று. எங்கள் பிரதியைக் கறுக்க வைத்தவர்களில் எத்தனை பேருக்குப் பட்டதோ.

யமுனாவுக்கு வருகிறேன். தஞ்சாவூரில் மராட்டியர் எப்படி என்று உன் வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1676 வாக்கில் சிவாஜியின் தம்பி வேங்கோஜி தஞ்சையைப் பிடித்தது முதல், 1855-ல் வெள்ளைக்காரன் வாரிசில்லை என்று எடுத்துக்கொண்டது வரை இங்கே மராட்டிய ராஜாங்கம். ராஜாங்கம் போன பிறகும் குடும்பங்கள் இருந்தன. வீட்டுக்குள் ஒரு மராட்டி, தெருவில் தமிழ். கும்பகோணத்தில் டபீர் தெரு என்கிறோமே, அதுவும் மராட்டிய அதிகாரிப் பட்டம்தான். ஆக, பார்வதியும் யமுனாவும் எங்கிருந்தோ வந்தவர்கள் இல்லை. பல தலைமுறை காவிரித் தண்ணீர் குடித்தவர்கள். இரண்டாம் தாரத்துக்குப் பிறந்தவள், அதிலும் கலப்பில் பிறந்தவள் என்பதால் எந்தப் பக்கத்திலும் இடமில்லை. இருதார மணத்தை இந்த மாகாணத்தில் 1949-ல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். அதற்கு முந்தைய ஏற்பாடுகளில் பிறந்த பிள்ளைகளை யாரும் கேட்கவில்லை.

பாபுவுக்குப் பெரிய கதை யமுனாவை அடைவது. யமுனாவின் கதையை அவள் பக்கம் இருந்து சொன்னால் காதல் அதில் சின்ன அத்தியாயம். வருமானம் நின்ற வீடு, வயதாகி எரிச்சல்படுகிற தாய், பெண் பார்க்க வந்து பட்சணம் சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள், பிறகு பசி, பிறகு ஊர் தெரியாத ஊரில் பிழைப்பு. பாபு தவிப்பதற்குச் செலவழித்த வருடங்களில் அவள் பிழைத்துக் கிடந்தாள். நம் பக்கம் ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தால் சில நாளில் கல்லணைக்குத் தண்ணீர் வந்துவிடும். பூப்போட்டு வரவேற்பார்கள், பேப்பரில் படம் வரும். கடைமடைக்காரன் அதற்கப்புறமும் பல நாள் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நிற்பான். பாபுவுக்கு யமுனாவைப் பற்றிய புத்தி கடைமடைத் தண்ணீர் மாதிரிதான் வந்து சேர்கிறது. காதலிக்கிறேன் என்ற அறிவிப்பு முதல் நாளே வந்துவிட்டது. அவளும் ஒரு ஆள், அவளுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது என்பது வந்துசேர இத்தனை வருடம்.

அவள் சம்மதித்த பிறகு கேட்கிற ஒரு சின்னக் கேள்வி பிரசித்தம். இத்தனையும் இதற்குத்தானா என்கிற மாதிரி. இருபது வயதில் எனக்கு அது சவுக்கடியாகக் கேட்டது. நடுவயதில் இரக்கமாகக் கேட்டது. அறுபதில் படித்தபோது அதில் கொஞ்சம் களைப்பும், வேடிக்கை பார்க்கிற ஒரு சிரிப்பும் கேட்டது. நீ எப்படிக் கேட்கிறாய் என்று படித்துவிட்டு வந்து சொல். சரியான விடை என்று ஒன்று என்னிடம் இல்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் உன் தாத்தா என்னைச் சும்மா விடமாட்டார். இந்த நாவலில் அக்ரஹாரமும் கடைத்தெருவும் காவிரிப் படித்துறையும் அவ்வளவு உயிரோடு இருக்கின்றன. வயலில் நின்றவர்களைத் தேடினால் கிடைக்க மாட்டார்கள். பண்ணையாட்களுக்குப் பாதுகாப்பு என்று தஞ்சைக்காகவே சட்டம் போட வேண்டிவந்தது 1952-ல். மோகமுள் புத்தகமாக வந்து நாலே வருடத்தில், 1968 டிசம்பர் 25 இரவு, இதே ஜில்லாவின் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிக்கப்பட்டுச் செத்தார்கள். உன் தாத்தா எட்டு வயதில் மாடு மேய்க்கப் போனவர். அவருக்கு நடுவில் ‘வாலிபம்’ என்று தனியாக ஒரு பருவமே இருந்ததில்லை. சிறுவனாக இருந்தார், பிறகு ஆளாக இருந்தார். வருடக்கணக்கில் தவித்து ஆளாக, அறை வாடகை அனுப்ப ஒரு அப்பா வேண்டும். நாவலை இதற்காகக் குறை சொல்லவில்லை. ஜானகிராமன் தான் பார்த்த தெருவை எழுதினார். ஆனால் ‘டெல்டாவில் பையன்கள் இப்படித்தான் வளர்ந்தார்கள்’ என்று யாராவது உன்னிடம் சொன்னால், எந்தப் பையன்கள் என்று திருப்பிக் கேள்.

இதே ஆசிரியரின் ‘அம்மா வந்தாள்’ (1966) இதைவிட ரொம்பச் சின்னது. அங்கே அப்பு காவிரிக்கரை வேத பாடசாலையில் வளர்ந்தவன். படிப்பு முடிந்து வீட்டுக்குப் போனால் அம்மா அலங்காரத்தம்மாளுக்கு வேறொரு வாழ்க்கை இருப்பது தெரிகிறது. தன்னை வேதம் படிக்க அனுப்பியதே அவளுக்கு ஒரு பிராயச்சித்தம் என்பதும் தெரிகிறது. பாபு தன் ஆசையைப் பார்த்து வளர்கிறான் என்றால், அப்பு பெற்றவளைத் தாய் என்ற சட்டகத்துக்கு வெளியே ஒரு பெண்ணாகப் பார்க்க நேர்ந்து வளர்கிறான். எது கஷ்டம்? என்னைக் கேட்டால் இரண்டாவது. நேரமில்லை என்றால் அதை முதலில் படி. ஆனால் அதைப் படித்த வாரம் உன் அம்மாவிடம் கொஞ்சம் வித்தியாசமாகப் பேசுவாய், அவள் என்னிடம் வந்து என்ன கொடுத்தீர்கள் என்று கேட்பாள்.

மோகமுள்ளையே படிப்பதாக இருந்தால் ஒரு யோசனை. பஸ்ஸில் படிக்காதே. முதல் நூறு பக்கம் மெதுவாக நகரும், பேச்சு பேச்சாகவே போகும். அந்தப் பேச்சுத் தமிழ் உன் காதுக்குப் பழக்கமில்லாதது, முதலில் இடறும். சத்தமாக நாலு பக்கம் படித்துப் பார், பிடிபட்டுவிடும். ரங்கண்ணா வருகிற பக்கங்களைப் படிக்கும் முன் உன் தங்கையிடம் அந்த ஆப்பைப் போட்டுவைக்கச் சொல்லி ஐந்து நிமிடம் சும்மா கேள். தங்கம்மாள் வருகிற இடத்தை இரண்டு தடவை படி, இரண்டாவது தடவை பாபு என்ன நினைக்கிறான் என்பதை விட்டுவிட்டு.

என்னிடம் சொந்தப் பிரதி இருக்கிறது. நூலகப் பிரதி மாதிரி ஓரம் கறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வா, எடுத்துவைக்கிறேன். பிரவுன் அட்டை போட்டுத்தான் தருவேன், மடித்து வைக்காதே, பேனாவால் கோடு போடாதே. பென்சில் என்றால் பரவாயில்லை. எங்கே கோடு போட்டாய் என்று எனக்கும் பார்க்க ஆசை.